ஐ.சி.எஃப். குறியீடுகள் தேர்வுக்கு மட்டும்தானா, பணியிலும் உதவுமா?

கல்லூரியில் படித்த ஐ.சி.எஃப். குறியீடுகளை, அதாவது ஒருவரின் உடலியக்கம், அன்றாடச் செயல்கள், சூழல் ஆகியவற்றைக் குறிக்கும் பன்னாட்டு வகைப்பாட்டின் குறியீடுகளை, மருத்துவமனையில் எவரும் எழுதுவதில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக இயன்முறை சிகிச்சையாளராகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. நானும் அவ்வாறே நினைத்து, பதினோரு ஆண்டுகள் அவற்றைத் தொடாமல் இருந்தவன்.

நீடாமங்கலம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து, நடவு வேலை செய்துவந்த ஓர் அம்மாள் பக்கவாதத்தால் வலப்பக்கம் தளர்ந்த நிலையில் வந்தார். மூன்று மாதப் பயிற்சியில், நாற்கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எங்கள் பயிற்சிக் கூடத்தின் டைல்ஸ் தரையில் துணையின்றி நடந்தார். 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி அனுப்பிவைத்தேன். ஐப்பசி மழை தொடங்கியபின் அவருடைய மகன் வந்து, "அம்மா வாசலைத் தாண்டுறதே இல்ல சார்" என்றார். வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். தெருவிலிருந்து வீட்டுக்கு வழியே வரப்புதான். முழ அகலமும் இல்லாத, மழையில் ஊறிய அந்தக் களிமண்ணில் ஊன்றுகோலின் இரண்டு கால்கள் பதிந்தால் மற்ற இரண்டும் அந்தரத்தில் நின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்றுக்கொண்ட இந்த வகைப்பாட்டில், நடத்தலுக்கான டி450 குறியீட்டை அடுத்து இரண்டு இலக்கங்கள் வரும்: முதலாவது, அவர் வாழும் இடத்தில் உண்மையில் செய்வது, இரண்டாவது, சீரான சூழலில் அவரால் இயல்வது. அந்த அம்மாளுக்கு நான் எழுதியிருக்க வேண்டியது டி450.31, அதாவது வீட்டில் கடுமையான சிரமம், கூடத்தில் லேசான சிரமம். நான் அதுவரை எல்லோருக்கும் இரண்டாவதை மட்டுமே மனத்தில் குறித்து வந்திருக்கிறேன். நடமாட்டக் கருவிகளுக்கான ஈ120ஐப் பாருங்கள்: உதவியானால் கூட்டல் குறி, தடையானால் வெறும் புள்ளி. டைல்ஸ் தரையில் கூட்டல் குறி பெற்ற அதே ஊன்றுகோல், வரப்பில் புள்ளிக்கு இறங்கிவிட்டது.

இதற்குக் குறியீடு எதற்கு, பொது அறிவு போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு அந்தப் பொது அறிவு பதினோரு ஆண்டுகளாக வரவில்லை. 1400க்கும் மேற்பட்ட குறியீடுகளையும் நிரப்பச் சொல்லவில்லை. ஒருவருக்கு எட்டு அல்லது பத்துதான் எழுதுகிறேன். 3 என்பதும் என் மதிப்பீடே, அளவுகோல் வைத்து அளந்ததன்று.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் விழுக்காட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 40 விழுக்காடு சலுகைகளுக்கான வரம்பு. ஆனால் எங்களிடம் வருவோரில் பெரும்பாலோர் அந்த ஒற்றை எண்ணை மட்டுமே கேட்கிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை.

அந்த அம்மாளுக்கு வெளியில் செல்லத் தோளுயர மூங்கில் கழி ஒன்றைக் கொடுத்து, இடக்கையால் ஊன்றி ஈரமண்ணில் நடக்கப் பழக்கினேன். மருமகள் பின்னால் வந்தார். மார்கழியில் முதல் இலக்கம் 2 ஆயிற்று. அறுவடை முடிந்து வரப்பு காய்ந்ததும் 1 ஆயிற்று. காய்ந்த மண் என் பயிற்சியின் பலன் அன்று என்பதால், அதையும் தேதியோடு குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.