"அட்டை மட்டும் போதும்" என்றீர்களே!

கேள்வி: எனக்கு வயது 46. நான் உயிராக நேசிக்கும் ராக் பாடகர் எழுபதைத் தாண்டியவர். அவருடைய புது ஆல்பம் வரப்போகிறது. இரட்டை எல்பி, அதாவது இரண்டு பெரிய இசைத்தட்டுகள், ஒரு செவ்வாய்க்கிழமை வெளியீடு என்கிறார்கள். அதன் அட்டை என்று ஒரு மங்கலான படம் சுற்றுகிறது (இணைத்திருக்கிறேன்). காலி நாற்காலி, மேலே ஐந்து பறவைகள். பழைய அட்டைகளோடு ஒப்பிட அப்பாவின் ரெக்கார்டுகளை எடுத்தேன். "போட்டுக் கேட்கப் போறியா?" என்றார். "இல்லப்பா, அட்டை மட்டும் போதும்" என்று பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். இது விடைபெறும் ஆல்பம் என்கிறேன் நான். படமே போலி என்கிறான் நண்பன். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. அவனை எப்படி நம்பவைப்பது?

பதில்: படத்தின் கதையை முதலில் முடித்துவிடுவோம், அது சின்ன வேலை. ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் போகும் அட்டை சதுரமாகத்தான் இருக்கும், பெரும்பாலும் பக்கத்துக்கு 3000 பிக்சல். உங்கள் படம் சதுரமே இல்லை. யாரோ எதையோ வெட்டியிருக்கிறார்கள். ஐந்தாவது பறவையையும் தேடிப் பார்த்தாயிற்று, இருப்பது நான்குதான். ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. கைமாறக் கைமாற மறுபடி மறுபடி சுருங்கி, ஓரங்களில் அழுக்குப் படியும். நீங்கள் நானூறு சதவீதம் பெரிதாக்கியதில் அந்த அழுக்குக்குச் சிறகு முளைத்துவிட்டது.

2015 ஜூலையிலிருந்து பெரும்பாலான நாடுகளில் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வருகின்றன. விதிவிலக்கு உண்டு, ஆனாலும் செவ்வாய் என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை விசாரிக்க வேண்டும். இரட்டை எல்பி என்பதிலும் மர்மம் கிடையாது. பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் 22 நிமிடம்வரை நன்றாக ஒலிக்கும். அதற்கு மேல் திணித்தால் ஊசி ஓடும் வரிப்பள்ளங்கள் நெருங்கும், ஒலி மெலியும். ஐம்பது நிமிட ஆல்பம் இரண்டு தட்டாகிவிடுவது இதனால்தான்.

அட்டையை வைத்துச் சாவு ஜோசியம் பார்ப்பது பழைய வியாதி. 1969 ஆகஸ்ட் 8 அன்று, பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸின் நால்வரும் சாலையைக் கடக்கும் 'அபி ரோடு' ஆல்பத்தின் அட்டைப் படத்தை ஏணியில் நின்று எடுத்தார் புகைப்படக்காரர். மொத்தமே ஆறு படங்கள். நால்வரில் ஒருவரான மெக்கார்ட்னி காலில் செருப்பில்லை, பின்னால் நின்ற காரின் எண் '281F' என்று முடிந்தது. அதை '28 IF' என்று படித்து, 'உயிரோடிருந்தால் 28 வயது' என்று அர்த்தம் கண்டுபிடித்து அவரைப் புதைத்தே விட்டார்கள். அப்போது அவருக்கு 27தான். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பாடினார். பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் 'பிளாக்ஸ்டார்' ஆல்பம் 2016 ஜனவரி 8 அன்று வந்தது, 10 அன்று அவர் இறந்தார். அட்டையில் ஒரு கறுப்பு நட்சத்திரம், கீழே நட்சத்திரத் துண்டுகள், அவ்வளவுதான். அதன் எல்பி உறையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால் விண்மீன் கூட்டம் தெரியும் என்பதை ரசிகர்கள் கண்டுபிடிக்கச் சில மாதங்கள் ஆயின. கையில் எடுத்துப் பிரித்தவர்களுக்குத்தான் அது தெரிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "போட்டுக் கேட்கப் போறியா?" என்று உங்கள் அப்பா கேட்டாரே, அதை என்னவென்று நினைத்தீர்கள்? தகவல் விசாரித்தார் என்றா? "எனக்கும் சேர்த்துப் போடு" என்று பெற்ற பிள்ளையிடம் நேராகக் கேட்க அந்த வயதில் நாக்கு எழாது. இப்படித்தான் சுற்றிவளைத்து வரும். ஒரு மங்கல் படத்தில் இல்லாத பறவையைக்கூட எண்ணத் தெரிந்த உங்களுக்கு, எதிரே நின்றவர் கேட்டது புரியவில்லை. உங்களுக்கு அந்தப் பாடகரை அறிமுகம் செய்தது எந்த ரெக்கார்டு? அப்பா காசு கொடுத்து வாங்கியதுதானே? அவருடைய அலமாரியைத் திறந்து அவருடைய பொருளை எடுத்துக்கொண்டு, அவரை மட்டும் வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள். எனக்கு இது ரசனை சம்பந்தப்பட்டதாகவே தெரியவில்லை. மரியாதைக்குறைவு என்பேன்.

இந்த வாரமே டர்ன்டேபிளைத் திறந்து பாருங்கள். வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். வேகம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்கு வராது, குரல் இழுத்து இழுத்துக் கேட்கும். மாற்றிவிடுங்கள். ஊசியின் அழுத்தம் பெரும்பாலான கார்ட்ரிட்ஜுகளுக்கு (ஊசியைத் தாங்கும் சின்னப் பகுதி) 2 கிராம் அளவில் இருக்கும். தயாரிப்பாளர் சொன்ன எண்ணை வையுங்கள். அழுத்தம் குறைந்தால் தட்டு தேயாது என்பது தப்பு. ஊசி உள்ளே துள்ளி வரிச்சுவரைக் கிழிக்கும். தட்டை ஓரத்திலும் நடு லேபிளிலும் மட்டும் பிடியுங்கள். கார்பன் பிரஷ்ஷால் வரியோடு வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். ரெக்கார்டுகளைப் படுக்கவைத்து அடுக்கியிருந்தால் நிமிர்த்தி வையுங்கள், படுத்தே கிடந்தால் வளைந்துவிடும்.

வயதானால் கூர்மையான ஒலிகள்தான் முதலில் காதுக்குக் கேட்காமல் போகும். சத்தத்தைக் கூட்டாதீர்கள்; பேஸை (தாழ்ந்த ஒலியை) குறைத்து, அப்பாவின் நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போடுங்கள். ஒரு பக்கம் முடிய இருபது நிமிடம். அதுவரை போன் வேறு அறையில் இருக்கட்டும், எழுந்துபோய்த் தட்டைத் திருப்புவது உங்கள் வேலை.

நண்பன் சொல்வது அநேகமாகச் சரி. ஒப்புக்கொண்டுவிடுங்கள். ஆல்பம் வரும் நாளில் எல்பியாகவே வாங்கி, பிரிக்காமல் அப்பாவிடம் கொடுங்கள். அட்டையை முதலில் அவர் பார்க்கட்டும்.