லோகோவிலேயே நிற்கும் கைத்தொலைபேசி: மெமரி ஐசியை மாற்றலாமா?

லோகோ வந்து வந்து அணைகிறது, கிளிநொச்சியில் கடைக்காரர் "மெமரி ஐசி போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார், தரவைச் சேமித்து வைக்கும் அந்தச் சில்லின் உள்ளே இருக்கும் படங்கள் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடனே சம்மதிக்காதீர்கள். முதலில் பற்றரியைக் கழற்றி, மின்னோட்டத்தை அளந்து காட்டும் டிசி பவர் சப்ளையில் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்துமுன்பே மின்னோட்டம் இழுபட்டால் மதர்போர்டில் ஷார்ட் (மின்சாரம் தவறான வழியில் கசிவது) இருக்கிறது. பல நேரங்களில் ஒரு சிறு கப்பாசிட்டர்தான் காரணம். முல்லைத்தீவுக் கடற்கரையில் உப்புநீர் பட்ட தொலைபேசி என்றால் இந்தச் சந்தேகமே முதலில் வரவேண்டும்.

குவால்காம் நிறுவனத்தின் செயலி (புரொசசர்) உள்ள தொலைபேசியைக் கணினியில் இணைத்தவுடன் தானாகவே '9008' (அந்தச் செயலியின் அவசர நிலை) என்று காட்டினால், தொடக்க நிரலை மெமரியிலிருந்து வாசிக்க முடியவில்லை என்று கொள்ளலாம். ஐசி செத்திருக்கலாம், கீழே விழுந்ததில் அதன் அடியிலுள்ள ஈயப் பற்று விட்டிருக்கவும் கூடும். பற்று விட்டிருந்தால் அதே ஐசியைக் கழற்றி, புதிய ஈயக் குண்டுகள் வைத்து மீண்டும் பொருத்தலாம்.

படங்களுக்கு இந்த வேறுபாடுதான் உயிர். ஆண்ட்ராய்டு 10 உடனோ அதற்குப் பிறகோ வெளிவந்த தொலைபேசிகளில் தரவு மறைகுறியாக்கப்பட்டே (திறவுகோல் இன்றி வாசிக்க முடியாதபடி பூட்டப்பட்டே) இருக்கும். அதன் திறவுகோல் செயலியோடு பிணைந்தது. பழைய ஐசியை வேறு போர்டில் வைத்தாலும் வாசிக்க முடியாது. புதிய ஐசி போட்டால் தொலைபேசி பிழைக்கும், படங்கள் வராது.

இடப்பெயர்வில் குடும்ப அல்பங்களைத் தொலைத்த வீடுகள் வன்னியில் ஏராளம். அதனால் சொல்கிறேன்: தொலைபேசியைக் கொடுக்கும்போதே "படங்கள்தான் முக்கியம், பழைய ஐசியை எறியாதீர்கள், என்னைக் கேட்காமல் ஃபிளாஷ் (மென்பொருளை மீண்டும் ஏற்றுவது) செய்யாதீர்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.