மறு: மகன் முதுகில் கருஞ்சிவப்புக் கோடுகள்

வணக்கம் அம்மா. குவாங்சோவில் படிக்கும் மகன் வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட, அறைத் தோழர் பீங்கான் கரண்டியால் முதுகைச் சுரண்டிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். இது குவா ஷா. சீன வீடுகளில் வெயில் மயக்கத்துக்கு வழிவழியாகச் செய்வது. எண்ணெய் தடவி, கரண்டி, நாணயம் அல்லது எருமைக் கொம்புத் துண்டால் ஒரே திசையில் அழுத்தி இழுப்பார்கள். அந்த அழுத்தத்தில் தோலுக்கடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைந்து இரத்தம் கசியும். கோடுகள் அப்படி வந்தவைதான். கறுத்திருந்தால் உள்சூடு வெளியேறிவிட்டது என்பார்கள். நான் அதை நம்புவதில்லை. சில நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்தில் மறைந்துவிடும். அதுவரை அதே இடத்தில் மறுபடி சுரண்ட வேண்டாம். தோல் கிழிந்திருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றாலோ மருத்துவரிடம் காட்டட்டும்.

எனக்கு அந்தத் தலைசுற்றல்தான் கவலை தருகிறது. சுரண்டிவிட்டோம், சரியாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. நிழல், ஈரத்துணி, மின்விசிறி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், இவைதான் முதலில். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை நெருங்கினாலோ, பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தாலோ உயிருக்கே ஆபத்து. அப்போது வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே 120ஐ அழைக்க வேண்டும். சீனாவில் ஆம்புலன்ஸ் எண் அதுதான். இதை இன்றே மகனுக்கும் அந்தத் தோழருக்கும் அனுப்பிவையுங்கள்.

அப்புறம், தலைசுற்றல் இன்னும் இருக்கிறதா, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா என்று மகனிடம் கேட்டு எழுதுங்கள்.