மீட்டர் மாறினால் புகை குறையுமா?

கேள்வி: மின் நிறுவனங்கள் டிஜிட்டலுக்கு மாறுவதால் லாபம் கூடுமா? சுற்றுச்சூழலுக்கும் நன்மை உண்டா?
– வாசகி, தென்காசி

பதில்: லாபத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. இத்தாலியின் எனெல் நிறுவனம் 2001இல் தொடங்கி, சில ஆண்டுகளில் ரீடிங்கைத் தானே நிறுவனத்துக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர்களை 3 கோடிக்கும் அதிகமாகப் பொருத்தியது. செலவு சுமார் 210 கோடி யூரோ. ஆண்டுக்கு மிச்சம் ஏறக்குறைய 50 கோடி யூரோ! ரீடிங் எடுக்க ஆள் போக வேண்டாம். இணைப்பைத் துண்டிக்க, திரும்பக் கொடுக்க வண்டி எடுக்க வேண்டாம். மின்திருட்டும் சீக்கிரம் பிடிபடும். கையில் அட்டையோடு தெருத்தெருவாக ரீடிங் எடுத்து நடந்தவன் நான். அந்த வேலையை இழப்பவர்களுக்கு நிறுவனம் வேறு வேலை கொடுத்தே ஆக வேண்டும்.

சரி, புகை? வண்டி ஓடாததால் மிச்சமாகும் டீசல் கொஞ்சம்தான். நேரத்துக்கு ஒரு கட்டணம் வைக்க இந்த மீட்டர் உதவும். எல்லாரும் மின்சாரம் இழுக்கும் மாலை நேரத்தில் போடும் வாஷிங்மெஷினை வெயில் நேரத்துக்கு மாற்றினால் சூரிய மின்சாரம் வீணாகாது. ஆனால் மறுமுனையில் அதே நிலக்கரி எரிந்தால் மீட்டர் எதையும் சுத்தமாக்காது. அதனால் ஆண்டறிக்கையில் எத்தனை மீட்டர் என்று பார்க்காதீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம் கரியமிலவாயு என்று தேடுங்கள்.