சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் இருந்துகொண்டே வேலை தேடுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணிகவியல் பட்டம் முடித்து ஓராண்டு ஆகிறது. வேலை கிடைக்காததால் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு மாதங்களாகச் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை பில்களைப் பார்த்துக் கணினியில் பதிவு செய்வதுதான் என் வேலை. இரவில் வீடு திரும்பிய பிறகு விண்ணப்பங்களை அனுப்புகிறேன். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வருவதில்லை. “இன்னும் மூன்று மாதம் இருந்து பார், இடம் காலியானால் யோசிக்கலாம்” என்று மேலாளர் இப்போது சொல்கிறார். விட்டுவிட்டால் மறுபடியும் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்குமே என்றும், தொடர்ந்தால் இந்த ஆண்டும் வீணாகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்த மூன்று மாத நீட்டிப்பை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்காக நாளையே விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. நான்கு வார அவகாசம் வைத்துக்கொண்டு, அதற்குள் பெற வேண்டியதைப் பெற்று, நல்ல பெயரோடு விடைபெறுங்கள்.

நான்கு மாதங்களாக உங்களுக்கு நாள் முழுவதும் வேலை இருக்கிறது என்றால், மேலாளர் சொல்லும் அந்த இடம் இனிமேல்தான் காலியாக வேண்டும் என்பதில்லை. இடம் இப்போதே இருக்கிறது, அதில் அமர்ந்து வேலையையும் நீங்கள்தான் செய்கிறீர்கள். அதற்குச் சம்பளம் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். சம்பளமின்றியே வேலை நடந்துகொண்டிருக்கும்வரை அதை ஒதுக்க வேண்டிய அவசரம் நிறுவனத்துக்கு ஏற்படாது. உங்கள் மேலாளர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவர் கொடுத்திருப்பது வாக்குறுதி அல்ல என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

இன்டர்ன்ஷிப்பால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் கற்பனையான தன்விவரக் குறிப்புகளை உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பொருளாதார ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. படிக்கும் காலத்தில் இன்டர்ன்ஷிப் செய்ததாகக் குறிப்பிட்ட விண்ணப்பங்களுக்கு நேர்காணல் அழைப்பு சுமார் 14 சதவீதம் கூடுதலாக வந்தது. அந்தப் பலன் உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. தன்விவரக் குறிப்பில் நான்கு மாதம் என்று இருக்கும் வரி ஏழு மாதம் என்று மாறுவதால், அதைப் படிப்பவரின் முடிவு மாறப் போவதில்லை.

மற்றொரு கணக்கையும் பாருங்கள். அமெரிக்காவின் கல்லூரிகள் மற்றும் பணியமர்த்துவோர் தேசியச் சங்கம் 2013இல் பட்டம் பெறவிருந்த மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் செய்தவர்களில் சுமார் 63 சதவீதத்தினருக்கு ஒரு வேலையாவது கிடைத்திருந்தது. சம்பளமில்லாமல் செய்தவர்களில் இது 37 சதவீதம். இன்டர்ன்ஷிப்பே செய்யாதவர்களில் 35 சதவீதம். சம்பளம் கொடுக்க வசதியுள்ள துறைகளில்தான் வேலைகளும் அதிகம் என்பதால், இந்த இடைவெளி முழுவதற்கும் இன்டர்ன்ஷிப்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், சம்பளமில்லாமல் காத்திருந்தால் அதே இடத்தில் வேலை கிடைத்துவிடும் என்று நம்பி மாதங்களைக் கொடுப்பதற்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

இனி, அந்த நான்கு வாரங்கள். மேலாளருக்கு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நேரில் பேசினால் பேச்சோடு போய்விடும். இப்படி எழுதலாம்: “நான்கு மாதங்களாக உங்கள் பிரிவில் பணிபுரியும் வாய்ப்பைத் தந்ததற்கு நன்றி. என் இன்டர்ன்ஷிப்பை இன்னும் நான்கு வாரங்களில் நிறைவு செய்ய விரும்புகிறேன். அதற்கு முன்பு, மாத இறுதியில் வங்கி அறிக்கையோடு கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பணியை மூத்த ஊழியர் ஒருவரின் மேற்பார்வையில் ஒருமுறையாவது செய்ய அனுமதிக்க வேண்டுகிறேன். வாரத்தில் ஒரு நாள் நேர்காணல்களுக்குச் செல்லவும் அனுமதி தேவை. சம்பளத்துடன் கூடிய பணியிடம் ஏதும் உருவானால் விண்ணப்பிக்க மிகவும் விரும்புகிறேன்.” இந்தக் கடிதத்தில் குறை சொல்லும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் நீங்கள் போகப் போகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். உங்களைச் சம்பளத்தில் அமர்த்திக்கொள்ளும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், அது அப்போது வெளிப்படும்.

வங்கிக் கணக்கை ஒப்பிடும் பணியைக் குறிப்பாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “கணக்குப் பிரிவில் இன்டர்ன்ஷிப் செய்தேன்” என்ற வரி, படிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. “விற்பனையாளர்களின் பில்களைக் கொள்முதல் ஆணையோடு ஒப்பிட்டுப் பதிவு செய்தேன், தொகை பொருந்தாதவற்றைத் தனியே பட்டியலிட்டு, காரணம் கேட்டுத் திருத்தினேன், மாத இறுதி வங்கிச் சரிபார்ப்பை மேற்பார்வையில் முடித்தேன்” என்று எழுதினால், வேலை கொடுப்பவருக்கு நேர்காணலில் கேட்க மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. அந்த மூன்றுக்கும் உங்களிடம் பதில் இருக்கிறது. செய்யாததை மட்டும் எழுதிவிடாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். விடைபெறும் நாளன்று, செய்த பணிகளை விவரிக்கும் அனுபவச் சான்றிதழைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். விசாரித்தால் உங்களைப் பற்றிப் பேசச் சம்மதிக்கும் ஒருவரின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பங்களுக்குப் பதில் வராதது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. ஆனால் நாள் முழுவதும் உழைத்துக் களைத்த பிறகு, ஒரே தன்விவரக் குறிப்பை இருபது இடங்களுக்கு அனுப்புவதைவிட, விளம்பரத்தைப் படித்து அதற்கேற்ப மாற்றி எழுதிய மூன்று விண்ணப்பங்கள் மேல். அதற்குக் காலை வேளை ஒன்றை ஒதுக்குங்கள்.

அதைவிட முக்கியமான ஒரு வழி உங்கள் மேசையிலேயே இருக்கிறது. பில்லில் தொகை தவறினால் நீங்கள் யாரிடம் தொலைபேசியில் பேசுகிறீர்கள்? விற்பனை நிறுவனத்தின் கணக்கரிடம்தானே? தணிக்கைக்கு வருபவர்களுக்குக் கோப்புகளை எடுத்துக் கொடுப்பவரும் அநேகமாக நீங்களாகத்தான் இருப்பீர்கள். உங்கள் வேலையின் தரம் அவர்களுக்குத் தெரியும். உங்கள் நண்பர்களுக்குத் தெரியாத காலியிடங்களும் அவர்களுக்குத் தெரியும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டபோது, அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே; எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும்; சற்றுத் தள்ளி இருப்பவர்களிடமிருந்துதான் புதிய செய்தி வருகிறது. எனவே அவர்களில் நான்கைந்து பேரிடம், “இன்னும் சில வாரங்களில் இங்கே முடிக்கிறேன், கணக்குப் பிரிவில் வேலை தேடுகிறேன்” என்று தயங்காமல் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்குவது சட்டப்படி சரிதானா?

பதில்: நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரான்சில் மாணவர் பயிற்சி ஒரு கல்வியாண்டில் இரண்டு மாதங்களைத் தாண்டினால் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். பிரிட்டனில் பெயர் இன்டர்ன் என்று இருந்தாலும், செய்வது ஊழியரின் வேலை என்றால் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. பாடத்திட்டத்தின் பகுதியாக வரும் பயிற்சி, அருகில் இருந்து பார்த்துக் கற்பது போன்றவை விதிவிலக்குகள். அமெரிக்காவில் 2018 முதல் தொழிலாளர் துறை பின்பற்றும் அளவுகோல், இந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயனடைவது பயிற்சி பெறுபவரா, நிறுவனமா என்று பார்க்கிறது. பயிற்சி கற்பிப்பதாக இருக்கிறதா, சம்பள ஊழியர் செய்யும் வேலைக்கு மாற்றாக இருக்கிறதா என்பன அதன் ஏழு அம்சங்களில் அடங்கும்.

அமெரிக்காவில் இதற்கெல்லாம் அடிப்படையான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1947இல் வந்தது. ரயில் நிலைய யார்டில் பிரேக் பணிக்குப் பயிற்சி பெற்றவர்கள் ஊழியர்கள் அல்லர் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அந்தப் பயிற்சியின் சராசரிக் காலம் ஏழெட்டு நாட்கள்தான்! பயிற்சி என்ற பெயரில் பல மாதங்கள் சம்பளமின்றி வேலை வாங்குபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நீங்கள் வாழும் நாட்டின் விதியைத் தொழிலாளர் துறையிடமோ தொழிற்சங்கத்திடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வந்து போன நேரத்தையும் செய்த வேலையையும் தேதியிட்டுக் குறித்து வைப்பது, பிற்பாடு எந்த வழியில் போனாலும் உதவும்.

கேள்வி: தினமும் அலுவலகம் போகிறேன், சம்பளம் இல்லை. “வேலை செய்கிறாயா?” என்று கேட்டால் என்ன சொல்வது? படிவங்களில் எப்படி நிரப்புவது?

பதில்: உங்கள் குழப்பத்துக்குச் சர்வதேசத் தொழிலாளர் புள்ளியியல் வல்லுநர்கள் 2013இல் நடத்திய 19ஆவது மாநாடு பதில் தந்திருக்கிறது. ஊதியத்துக்காகவோ லாபத்துக்காகவோ செய்யும் வேலை ஒரு வகை, ஊதியமற்ற பயிற்சி வேலை வேறொரு வகை என்று அது பிரித்தது. அதன்படி, ஊதியமற்ற பயிற்சியில் இருக்கும் ஒருவர், வேறு ஊதிய வேலை எதுவும் இல்லாமல், வேலை தேடிக்கொண்டும் கிடைத்தால் சேரத் தயாராகவும் இருந்தால், புள்ளிவிவரக் கணக்கில் அவர் வேலையில்லாதவரே. ஆகவே, “பயிற்சியில் இருக்கிறேன், வேலை தேடுகிறேன்” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், இரண்டுமே உண்மை.

ஒரு எச்சரிக்கை. வேலையின்மை உதவித்தொகை தரும் நாடுகளில், பயிற்சியில் சேர்ந்தால் அது நின்றுபோகுமா என்பதற்குத் தனி விதிகள் உண்டு. சேருவதற்கு முன்பே அந்த உதவித்தொகை தரும் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இன்டர்ன்ஷிப்பில் சேர முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், அசல் சான்றிதழ்களையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், இரண்டையுமே. நகல் கொடுத்து, அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 42 வயது. ஆட்குறைப்பில் வேலை போய் ஐந்து மாதங்கள் ஆகின்றன. சும்மா இருப்பதற்குப் பதில், புதிய துறையில் ஆறு மாதம் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் சேரலாமா?

பதில்: சும்மா இருக்கும் காலம் நீள நீள அழைப்புகள் குறையும் என்ற உங்கள் கவலை நியாயமானது. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 100 நகரங்களின் சுமார் 3,000 வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். வேலையில்லாத காலம் கூடக் கூட அழைப்புகள் வேகமாகக் குறைந்தன. எட்டு மாதம் வரை இந்தச் சரிவு நீடித்தது. ஆனாலும் ஆறு மாதச் சம்பளமில்லா வேலையை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பல ஆண்டு அனுபவம் உள்ள நீங்கள் தொடக்கநிலைப் பயிற்சியாளராகத் தன்விவரக் குறிப்பில் தெரிந்தால், பழைய அனுபவத்தின் மதிப்பும் சேர்ந்து குறையும். புதிய துறை பிடிக்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம் என்றால், நான்கு முதல் ஆறு வாரத்தில் முடியும் ஒரு குறிப்பிட்ட பணியைக் கேட்டு வாங்குங்கள். கூடவே பழைய துறையில் பகுதிநேரமாகவோ ஒப்பந்தமாகவோ, சிறிய தொகைக்கேனும், சம்பளம் வரும் வேலை ஒன்றைப் பிடியுங்கள். இடைவெளியை நிரப்ப அதுவே போதும்.

கேள்வி: என் மகள் வேலை தேடிக்கொண்டே சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்கும் போய்வருகிறாள். வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. விடுமுறை நாளில்கூட எதையும் செய்யாமல் படுத்திருக்கிறாள். சோம்பல் என்று நான் கண்டித்தது தவறா?

பதில்: கண்டிக்காதீர்கள். 1930களின் தொடக்கத்தில், பஞ்சாலை மூடப்பட்டு ஏறக்குறைய ஊரே வேலையிழந்த மரியந்தால் என்ற ஆஸ்திரியச் சிற்றூரில் சமூக உளவியலாளர் மேரி யஹோடாவும் அவருடைய சகாக்களும் தங்கி ஆய்வு செய்தார்கள். நேரம் தாராளமாக இருந்தும் அந்த ஊர் மக்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது; ஆண்களின் நடையே தளர்ந்திருந்தது. வேலை என்பது வருமானத்தோடு, நாளுக்கு ஓர் ஒழுங்கையும், மனிதத் தொடர்பையும், சமூகத்தில் ஓர் இடத்தையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் எழுதினார். உங்கள் மகளுக்கு நாளின் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் வருமானமும், தனக்கு மதிப்பு இருக்கிறது என்ற உணர்வும் இல்லை. உழைத்துவிட்டு ஒன்றும் பெறாமல் திரும்புவதில் தனியான ஒரு வலி உண்டு. அதைச் சோம்பல் என்று அழைப்பது அவளுக்குச் செய்யும் அநீதி.

மாலையில் வந்ததும் “ஏதாவது பதில் வந்ததா?” என்று கேட்பதை நிறுத்துங்கள். வந்திருந்தால் அவளே முதலில் உங்களிடம்தான் சொல்வாள். போக்குவரத்துச் செலவையும் நேர்காணலுக்கான செலவையும் அவள் கேட்கும்வரை காத்திராமல், மாதத் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கை நீட்டுவதுதான் பிள்ளைகளை அதிகம் கூனிக் குறுக வைக்கிறது. இந்த நிலை வாரக்கணக்கில் நீடித்து, உணவும் உறக்கமும் கெட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இன்டர்ன்ஷிப் எந்தத் தேதியில் முடிகிறது என்று மட்டும் அவளிடம் ஒருமுறை அமைதியாகக் கேளுங்கள். முடிவு நாள் இல்லை என்றால், முதல் கேள்விக்கு எழுதிய கடிதத்தை அவள் தன் மேலாளருக்கும் அனுப்பலாம்.