லாரி ஹோம்ஸ் கேள்வி பதில்: அலிக்குப் பின்னால் வந்த பாவம்

ஹெவிவெயிட் குத்துச்சண்டை வரலாற்றில் என் முதல் ஐந்து பேர் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தேன். நான்காவது இடத்தில் லாரி ஹோம்ஸ் பெயரைப் பார்த்ததும் பாதிப் பேர் "யார் இவர்?" என்றார்கள். மீதிப் பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணே, எனக்கு அலி தெரியும், டைசன் தெரியும். நடுவில் இவர் யார்?

1949-ல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து, பென்சில்வேனியாவில் ஈஸ்டன் என்கிற சின்ன ஊரில் வளர்ந்தவர். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது, கார் கழுவும் வேலைக்குப் போனார். 1973-ல் தொழில்முறைக்கு வந்தார். 1978 ஜூன் முதல் 1985 செப்டம்பர் வரை சாம்பியன். மொத்தம் 75 சண்டை: 69 வெற்றி, அதில் 44 நாக்-அவுட், 6 தோல்வி. அந்த ஆறில், மணி அடிக்கும்வரை நிற்கவிடாமல் அவரை முடித்தவர் டைசன் ஒருவர்தான்.

பட்டத்தை 20 முறை தக்கவைத்தார் என்று ஓர் இடத்திலும் 19 என்று இன்னோர் இடத்திலும் இருக்கிறது. எது சரி சார்?

1983 நவம்பரில் முன்னாள் சாம்பியன் ஜோ ஃப்ரேசியரின் மகன் மார்விஸை முதல் ரவுண்டிலேயே முடித்தார். மார்விஸ் அதுவரை பத்தே சண்டை போட்டவர் என்பதால் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. அதைப் பட்டப் போட்டியாக ஏற்கவில்லை. அதைச் சேர்த்தால் 20, விட்டால் 19. எப்படி எண்ணினாலும் தொடர்ச்சியாக அவ்வளவு முறை தக்கவைத்த ஹெவிவெயிட்டுகளில் ஜோ லூயிஸுக்கு (25) அடுத்தபடி அவர்தான்.

எண்ணிக்கை இருக்கட்டும். அடித்ததெல்லாம் டம்மி ஆட்களைத்தானே?

இந்த ஒரு கேள்விதான் அதிகம் வந்தது. அவரை எதிர்த்தவர்களில் சிலர் டம்மிதான், மறுக்கவில்லை. சான்னன், ரோட்ரிகஸ் போன்றவர்களை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. லூயிஸ் பட்டியலிலும் அப்படி வரிசையாக ஆள் உண்டு. அதற்கு "மாதம் ஒரு சோப்ளாங்கி" என்று கிண்டலாகப் பெயரே வைத்திருந்தார்கள் அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள்.

ஆனால் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். 1979-ல் மைக் வீவரை 12-வது ரவுண்டில் நிறுத்தினார். அடுத்த ஆண்டே வீவர் இன்னொரு அமைப்பான டபிள்யூ.பி.ஏ.வின் சாம்பியன். 1981-ல் ட்ரெவர் பெர்பிக்கை 15 ரவுண்டும் ஆடி வென்றார். பெர்பிக் 1986-ல் சாம்பியன். 1983-ல் டிம் விதர்ஸ்பூன், அவர் அடுத்த ஆண்டு சாம்பியன். 1984-ல் 'போன்க்ரஷர்' ஸ்மித், அவர் 1986-ல் சாம்பியன். நான்கு பேரும் ஹோம்ஸிடம் தோற்ற பிறகு பெல்ட் கட்டியவர்கள். தோற்றபோது பெயர் இல்லை, அதனால் டம்மி என்று எழுதிவிட்டார்கள். பிறகு அவர்கள் ஜெயித்ததை யாரும் ஹோம்ஸ் கணக்கில் வரவு வைக்கவில்லை.

நான் வடசென்னையில் பாக்ஸிங் கற்றுக்கொள்கிறேன். ஹோம்ஸின் ஜேபைப் பார் என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதில் அப்படி என்ன இருக்கிறது?

மாஸ்டர் சரியாகத்தான் சொல்கிறார், தம்பி. பலருக்கு ஜேப் என்கிற இடது கை நேர்க்குத்து தூரம் அளந்து பார்க்கிற கை, அவ்வளவுதான். வலது கைக்கு வழிவிடும் வேலை. ஹோம்ஸுக்கு அதுவே ஆயுதம். இடது கையைக் கொஞ்சம் தாழ்வாக வைத்திருப்பார். அங்கிருந்து வருவதால் எதிராளியின் கண்ணுக்கு அது கிளம்புவது தெரியாது, வந்து விழுந்த பிறகுதான் தெரியும். ஒன்றோடு நிறுத்தமாட்டார், இரண்டு மூன்றாகப் போடுவார். நான்கு ரவுண்டு போனால் எதிராளியின் கண் வீங்கியிருக்கும், தலை பின்னால் போயே பழகியிருக்கும்.

குறையையும் சேர்த்தே பார். அந்தக் கை திரும்பி வரும்போதும் தாழ்வாகத்தான் வரும். அந்த இடைவெளியில் மேலேயிருந்து வலது கை விழும். 1979-ல் ஷேவர்ஸ், 1981-ல் ஸ்னைப்ஸ், 1988-ல் டைசன், மூன்று பேரும் அவரைக் கீழே தள்ளியது வலது கையால். முதல் இருவரிடமும் எழுந்து வந்து ஜெயித்தார். ஷேவர்ஸ் அன்று ஏழாவது ரவுண்டில் போட்ட குத்தை மட்டும் ஒருமுறை நிதானமாகப் பார். அதிலிருந்து எப்படி எழுந்தார் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. நான்கு ரவுண்டு கழித்து ஷேவர்ஸைத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

கென் நார்ட்டனோடு நடந்த 15-வது ரவுண்டுதான் ஹெவிவெயிட் வரலாற்றிலேயே சிறந்த ரவுண்டு என்கிறார்களே, மிகையா?

மிகையில்லை. 1978 ஜூன் 9, லாஸ் வேகஸ் சீசர்ஸ் பேலஸ். அப்போது டபிள்யூ.பி.சி. சாம்பியன் நார்ட்டன்தான். ஹோம்ஸுக்குப் பயிற்சியிலேயே இடது கையில் அடி, அதாவது அந்த ஜேப் கையில். 14 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் அட்டையிலும் சரிசமம். அந்தக் கணக்கு ரிங்கில் இருந்த இருவருக்கும் தெரியாது, ஆனால் தெரிந்தமாதிரிதான் ஆடினார்கள். முதலில் ஹோம்ஸ் அடிக்க, நடுவில் நார்ட்டன் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவரைக் கயிற்றுப் பக்கம் தள்ளி வெளுத்து வாங்க, கடைசி நிமிடத்தில் மறுபடி ஹோம்ஸ். இரண்டு நடுவர்கள் 143-142 என்று ஹோம்ஸுக்கும், ஒருவர் அதே கணக்கில் நார்ட்டனுக்கும் கொடுத்தார்கள். அந்த மூன்று நிமிடம் கொஞ்சம் இப்படி அப்படிப் போயிருந்தால் இந்தக் கேள்வி பதிலே இல்லை.

1980-ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியதை நேரில் பார்த்தவன் நான். அதே ஆண்டு அந்த மனிதரை இவர் போட்டு அடித்தார். இதை ஒரு சாதனையாகச் சொல்ல உங்களுக்கு மனம் வருகிறதா?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது ஐயா. அந்தக் காட்சிப் போட்டியில் ஜிம்மி எல்லிஸோடு நீங்கள் பார்த்த அலிக்கு அப்போதே 38 வயது, ஓய்வு அறிவித்துவிட்டவர். அக்டோபர் 2-ம் தேதி ஹோம்ஸ் முன்னால் வந்து நின்றபோது இளைத்து, பார்க்க அழகாக இருந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. எடை குறையத் தைராய்டு மாத்திரை எடுத்திருந்தார். உடம்பில் வியர்வைகூடச் சரியாக வரவில்லை. பத்து ரவுண்டிலும் ஒன்றைக்கூட அவர் வெல்லவில்லை. அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி கார்னரிலேயே நிறுத்தினார். அலி தன் வாழ்க்கையில் பாதியில் நிறுத்தப்பட்டது அந்த ஒரு சண்டையில்தான்.

இதை நான் ஹோம்ஸின் சாதனைப் பக்கத்தில் வைப்பதில்லை. ஆனால் குற்றப் பக்கத்திலும் வைக்கமாட்டேன். அலியின் பயிற்சி முகாமில் ஸ்பாரிங் ஆளாக வளர்ந்தவர் அவர். தொடக்கத்தில் ஒருநாள் அலியின் குத்தில் கண் கறுத்துப்போனபோது ஐஸ் வைக்கவேண்டாம் என்று மறுத்திருக்கிறார். ஊரில் போய் அலி கொடுத்தது என்று காட்டவேண்டுமாம்! அப்படிப்பட்டவர் அன்று அடித்துக்கொண்டே நடுவரைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். முடிந்ததும் அழுதார். அலியை ரிங்குக்குக் கொண்டுவந்த அமைப்பாளர்களையும், அவர் சண்டையிடலாம் என்று அனுமதி கொடுத்தவர்களையும் விட்டுவிட்டு, எதிரே நின்றவரை மட்டும் நாற்பது வருடமாகத் திட்டுவது நியாயமில்லை ஐயா. அந்த இரவிலிருந்து கூட்டம் அவரை மன்னிக்கவே இல்லை. தோற்றிருந்தால் இன்னும் பிடித்திருக்கும்.

சரி, உங்கள் ஆளிடம் குறையே இல்லையா?

இருக்கிறது, பெரிய குறை. விதர்ஸ்பூனோடு நடந்தது இழுபறி. நடுவர்களே இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்தார்கள், பார்த்தவர்களில் பலர் விதர்ஸ்பூன் ஜெயித்தார் என்றார்கள். விதர்ஸ்பூனுக்கு அது 16-வது சண்டைதான். நியாயமாக ஒரு மறுபோட்டி கொடுத்திருக்கவேண்டும், கொடுக்கவில்லை. நார்ட்டனுக்கும் கொடுக்கவில்லை. கிரெக் பேஜ் கட்டாயப் போட்டியாளராக, அதாவது சாம்பியன் மோதியே ஆகவேண்டிய ஆளாக, வரிசையில் நின்றபோது பணத் தகராறில் டபிள்யூ.பி.சி. பட்டத்தையே விட்டுவிட்டு, புதிதாக முளைத்த ஐ.பி.எஃப். என்கிற அமைப்பின் பெல்ட்டை எடுத்துக்கொண்டார். அன்றைய இன்னொரு முன்னணி வீரர் பிங்க்லன் தாமஸோடும் மோதவில்லை. டபிள்யூ.பி.ஏ. சாம்பியன் கோட்ஸேயோடு 1984-ல் பேசி முடித்த சண்டை பணச் சிக்கலில் கலைந்தது, அதற்கு இவரை மட்டும் சொல்லமுடியாது.

பணம், பணம் என்று எப்போதும் பேசினார். கார் கழுவிச் சம்பாதித்தவர் கணக்குப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பேஜையும் தாமஸையும் அடித்திருந்தால் இன்று மூன்றாவது இடத்துக்கு நானே வாதாடியிருப்பேன்.

கூனி சண்டை?

1982 ஜூன் 11. சவாலுக்கு வந்த ஜெரி கூனி வெள்ளையர். கறுப்பு–வெள்ளை என்று நாட்டையே பிரித்து விற்ற சண்டை. சாம்பியனுக்கும் சவாலுக்கு வந்தவருக்கும் சமமான ஊதியம் என்பதே எப்படிப்பட்ட விஷயம் என்று யோசியுங்கள். ஹோம்ஸ் நிதானமாக ஆடி 13-வது ரவுண்டில் முடித்தார். பிறகு இருவரும் நல்ல நண்பர்கள் ஆகிவிட்டார்கள்.

மார்சியானோவைப் பற்றி அசிங்கமாகப் பேசினாராமே?

பேசினார். ராக்கி மார்சியானோ, தோல்வியே இல்லாமல் ஓய்வு பெற்ற பழைய ஹெவிவெயிட் சாம்பியன். ஹோம்ஸுக்கு அப்போது 48 வெற்றி, தோல்வியே இல்லை. இன்னொன்று ஜெயித்தால் மார்சியானோவின் 49-0 சமன். 1985 செப்டம்பர் 21, மார்சியானோவின் கடைசிச் சண்டை நடந்து சரியாக முப்பது வருடம். லைட் ஹெவிவெயிட்டிலிருந்து எடை ஏற்றிக்கொண்டு வந்த மைக்கேல் ஸ்பிங்ஸ் புள்ளிக் கணக்கில் தோற்கடித்துவிட்டார். அந்த எரிச்சலில், மார்சியானோவின் தம்பியே உட்கார்ந்திருந்த பத்திரிகையாளர் கூட்டத்தில், என் உள்ளாடையைத் தூக்கக்கூட மார்சியானோவுக்குத் தகுதியில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டார். பின்னால் மன்னிப்புக் கேட்டார். யார் காதில் ஏறியது? ஏழு வருடம் சாம்பியனாக இருந்ததைவிட அந்த ஒரு வாக்கியம் அதிகம் ஓடிவிட்டது. ஸ்பிங்ஸோடு நடந்த 1986 மறுபோட்டியில் ஹோம்ஸ்தான் வென்றார் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும்தான். நடுவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

டைசன் நாலு ரவுண்டில் படுக்கப்போட்டார். அதற்குமேல் என்ன வாதம்?

38 வயது, இருபத்தொரு மாதம் ரிங் பக்கமே வராதவர், எதிரே 21 வயது டைசன். அலியை ஹோம்ஸ் அடித்தது கணக்கில் வராது என்றால் இதுவும் வராது. இரண்டுக்கும் ஒரே தராசு வையுங்கள். 1980 ஹோம்ஸும் 1988 டைசனும் மோதினால்? முதல் ஐந்து ரவுண்டில் ஹோம்ஸ் ஒருமுறையாவது விழுவார். எட்டுக்குமேல் போனால் என் பணம் ஹோம்ஸ்மேல்.

பார்க்கத் தொடங்குகிறவனுக்கு எந்தச் சண்டைகள்?

நார்ட்டன், ஷேவர்ஸோடு நடந்த இரண்டாவது சண்டை (1979), கூனி. அப்புறம் நேராக 1992 பிப்ரவரிக்குத் தாவி ரே மெர்சர் சண்டை. ஒலிம்பிக் தங்கம் வாங்கிய, தோல்வியே காணாத ஆளை 42 வயதில் கார்னரில் சாய்ந்துகொண்டே பன்னிரண்டு ரவுண்டும் ஏமாற்றுவார். அலி சண்டையைக் கடைசியில் பாருங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.