ரெசின் பஸ்ட் ஒன்றை வைத்து ராணுவ டயோராமா செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

உங்களிடம் முதல் உலகப்போர் பிரிட்டிஷ் சிப்பாயின் 1/10 பஸ்ட் (நிஜத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில், ரெசின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்த மார்பளவு உருவம்) இருக்கிறது, அதை மரக்கட்டையில் நிறுத்தாமல் சுற்றிலும் போர்க்களம் அமைத்து டயோராமா, அதாவது சின்ன அளவில் ஒரு முழுக் காட்சி, ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமைக்கலாம். என் கையிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது. இரண்டு தடவை கெடுத்து, மூன்றாவது தடவை ஒப்பேற்றினேன்.

முதல் தடவை தெர்மாகோலில் மண் பூசி, புல் ஒட்டி, நடுவில் பஸ்டை அமுக்கி வைத்தேன். காபி கொண்டுவந்த மனைவி ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். "ஏங்க, இவர் என்ன தப்பு பண்ணினார்? நெஞ்சு வரைக்கும் புதைச்சு வெச்சிருக்கீங்க?" என்றாள். அப்புறம் எனக்கும் வேறெதுவும் தெரியவில்லை.

சிக்கலே அதுதான். பஸ்ட் என்பது நெஞ்சோடு வெட்டப்பட்ட உருவம், கைகள் புஜத்திலேயே நின்றுவிடும். மரக்கட்டையில் இருக்கும்வரை கண் அதைச் சிலையாக ஏற்றுக்கொள்கிறது. பக்கத்தில் ஒரு பிடி மண் வந்துவிட்டால் அது ஆளாகிவிடும். ஆள் என்றால் மீதி உடம்பு எங்கே என்று கேள்வி வரும். எனவே, நெஞ்சுக்குக் கீழே நமக்குத் தெரியாமல் போவதற்கு நியாயமான காரணம் இருக்கிற இடத்தில்தான் அவரை நிறுத்த வேண்டும். டாங்க் மூடி, படகின் விளிம்பு, இடிந்த சுவரின் ஜன்னல் எல்லாம் சரி. முதல் உலகப்போர் என்றால் பதுங்குகுழி.

அதிலும் ஒரு பொறி உண்டு. பட்டப்பகலில் எந்தக் காவல்காரனும் குழிக்கு மேலே நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்க மாட்டான். எதிரே குறிபார்த்துச் சுடுபவன் காத்திருப்பான். பகலில் பெரிஸ்கோப்பில்தான் பார்ப்பார்கள். ஆகவே நெஞ்சு வெளியே தெரிகிறது என்றால் அவர் ஏணியில் ஏறி வெளியே வந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம், அதாவது தாக்குதல் தொடங்கிய கணம். இதை யோசித்தபோது இன்னொன்றும் உறைத்தது. முன்னால் நின்று அவர் முகத்தைப் பார்க்கிற நாம் ஜெர்மன்காரன் நின்ற பக்கத்தில் நிற்கிறோம்.

இரண்டாவது தடவை அந்தக் கணத்தைத் தேர்ந்தெடுத்தேன்: பிரான்ஸில் நடந்த சோம் சண்டை, 1916 ஜூலை 1, காலை 7.30, லா புவாசெல் கிராமம். இரண்டு நிமிடம் முன்னால்தான் அங்கே பிரிட்டிஷார் நிலத்தடியில் வைத்த லாக்நகர் சுரங்க வெடி வெடித்து, சுமார் 100 மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. நல்ல வெயில். பிரிட்டிஷார் ஓடியது ஏறக்குறைய கிழக்கே, அதனால் தாழ்ந்த காலைச் சூரியன் ஹெல்மெட் விளிம்புக்கு அடியில் புகுந்து நேராக முகத்தில் விழும். அதற்கேற்ப முகத்தைப் பளிச்சென்று தீட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது.

மாடல் செய்யும் நண்பர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "சார், நெஞ்சுல தொங்குற சதுரப் பை எப்ப வந்தது?"

அந்தப் பைக்குள் இருப்பது வடிகட்டி டப்பாவோடு குழாயில் இணைந்த விஷவாயு முகமூடி. அது படைக்கு வந்துசேர ஆரம்பித்ததே 1916 ஆகஸ்ட் வாக்கில். ஜூலை 1 அன்று இருந்தது மருந்தில் நனைத்த ஃபிளானல் துணியில் இரண்டு கண்ணாடி பதித்து, தலையோடு மாட்டிக்கொள்கிற பழைய முகமூடி. ஹெல்மெட்டை மட்டும் பார்த்து நான் ஏமாந்திருந்தேன். பிராடி என்ற அந்த பிரிட்டிஷ் எஃகு ஹெல்மெட் 1915 இலையுதிர் காலத்திலேயே வந்துவிட்டதால் அதில் தப்பில்லை, பைதான் காட்டிக்கொடுத்தது. நீங்கள் மண்ணைத் தொடுவதற்கு முன்னால் பஸ்டை லென்ஸில் வைத்துப் பாருங்கள். தேதி அதிலேயே செதுக்கப்பட்டிருக்கும்.

பையை அரத்தால் தேய்த்து எடுத்துவிடலாமா என்று ஒரு இரவு முழுக்க யோசித்தேன். சிற்பி கஷ்டப்பட்டுச் செதுக்கிய வார்களும் மடிப்புகளும் போய்விடும். ஆளை மாற்றுவதைவிட நாளை மாற்றுவது சுலபம் என்று பிரான்ஸிலேயே நடந்த அராஸ் சண்டைக்குப் போனேன்: 1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கள், காலை 5.30. அதே ஆண்டு பெல்ஜியத்தில் நடந்த பாஷன்டேல் சண்டையை ஏன் எடுக்கவில்லை என்றால் மண். அது இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதி களிமண் நாடு. சோம், அராஸ் இரண்டிலும் மேல்மண்ணைத் தாண்டினால் வெள்ளைச் சுண்ணப்பாறை. அராஸ் ஊருக்கு அடியில் அந்தப் பாறையை வெட்டியெடுத்த பழைய குடைவுகளை நியூசிலாந்துச் சுரங்கப் படையினர் ஒன்றோடொன்று இணைத்து, ஆயிரக்கணக்கான வீரர்களை அதற்குள்ளேயே தங்கவைத்தார்கள். சோமுக்காகச் செய்த அடித்தளம் அப்படியே உதவியது. படங்களில் பார்த்த பழக்கத்தில் பதுங்குகுழி என்றாலே காப்பிக்கொட்டை நிறச் சேறு பூசிவிடுகிறோம், அந்தப் பக்கத்தில் அது பொருந்தாது.

சுண்ணப்பாறைக்கு நான் தேடிய பொருள் வாசலிலேயே இருந்தது. கல் கோலமாவு! ஃபெவிகாலும் தண்ணீரும் கலந்து இட்லி மாவுப் பதத்தில் பூசி, பாதி காய்ந்ததும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் துண்டுகளை உடைத்துப் பதித்தேன். மேலே மட்டும் ஒரு விரற்கடை பழுப்பு மண்.

மணல் மூட்டை நிரப்பிய நிலையில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 12 உயரம். 1/10-இல் 5, 2.5, 1.2. எம்-சீலைப் பிசைந்து இந்த அளவில் உருட்டி, இறுகுவதற்குள் ஈரமான பழைய வேட்டித் துணியை மேலே வைத்து அழுத்தினால் சாக்கின் நெசவு பதியும். காயத்துக்குக் கட்டும் காஸ் துணி வேண்டாம், நெசவு பெரிதாகி மீன்வலை மாதிரி தெரியும். அடுக்கும்போது செங்கல் கட்டுவது போல ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்காக. மூட்டையின் வாயும் தையலும் உள்பக்கம் போக வேண்டும். கைகள் வெட்டுப்பட்ட இடத்தை மறைக்க இரண்டு பக்கமும் அக்குள் உயரத்துக்கு மூட்டை, நடுவில் மட்டும் ஒரு வரிசை தாழ்வு. அந்த வழியாக நெஞ்சும், வம்பு பண்ணிய அந்தப் பையும் தெரியும். கைகள் கீழே ஏணியைப் பிடித்திருக்கின்றன என்று பார்ப்பவர்களே நினைத்துக்கொள்வார்கள்.

ரெசின் வேலை பற்றிச் சுருக்கமாக: அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப்பசை போகப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், முகக்கவசமும் போடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிளாஸ்டிக் கிட்டுக்கான பசை ரெசினில் பிடிக்காது. ஃபெவிக்விக் பிடிக்கும், ஆனால் கனமான பஸ்டுக்கு அடியில் துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகி அரால்டைட் வைத்தால்தான் நிம்மதி.

நாள் மாறியதால் முகத்தை மறுபடி தீட்ட வேண்டியிருந்தது. அராஸில் அன்று வெயில் இல்லை, ஆலங்கட்டியும் பனியும் கலந்து அடித்தது. பளிச்செல்லாம் அழித்துவிட்டு மூக்கு நுனியிலும் காது மடலிலும் மட்டும் குளிர்ச் சிவப்பு, தோள் காக்கியில் ஈரத்துக்கு ஒரு கோட்டிங் அரைப் பளபளப்பு வார்னிஷ். பனிக்குச் சமையல் சோடா போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நான் ஓரமாகப் போட்டுப் பார்த்தது சென்னை ஈரப்பதத்தில் கட்டிதட்டிச் சில மாதத்தில் மஞ்சளாகிவிட்டது. கடையில் விற்கும் மாடல் பனியே மேல். சுண்ணமும் வெள்ளை, பனியும் வெள்ளை என்பதால் சுண்ணத்தில் துளி மஞ்சளும் சாம்பலும், பனியில் துளி நீலமும் சேர்த்தேன்.

அன்று காற்று மேற்கிலிருந்து, அதாவது பிரிட்டிஷாருக்குப் பின்னாலிருந்து அடித்து, ஜெர்மானியர் முகத்தில் பனியைக் கொட்டியது. எனவே பனி முழுக்க அவர் ஹெல்மெட்டின் பின்பக்கத்திலும் முதுகுப் பையிலும்தான். முன்னாலிருந்து பார்த்தால் மீசையில் இரண்டு துளி, அவ்வளவே.

பின்னணியில் சின்ன அளவு வீரர்களை வைத்துத் தூரத்தைக் காட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் பழைய டயோராமாக்களில் தீட்டிய பின்னணித் திரையோடு அதை அற்புதமாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் அது ஒரே பக்கம் நின்று பார்ப்பதற்கு. முதுகுப் பனியைச் சுற்றிவந்து பார்க்க வேண்டிய என் 15 சென்டிமீட்டர் சதுரத்துக்கு அது ஆகாது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். மூட்டைகளில் ஒன்றை வாய் வெளிப்பக்கமாக வைத்து அரால்டைட் போட்டுவிட்டேன். மறுநாள்தான் கவனித்தேன், அசைக்க முடியவில்லை. காற்று வராத பக்கமாக இருந்தாலும் அதன் மேல் மட்டும் கொஞ்சம் பனி இருக்கும். எதற்கு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.